ஓலையில் இல்லாத தடை

தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சபையில் இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு திருமண ஓலை வாசிக்கப்பட்டது. மணமகன் பெயர், தகப்பன் பெயர், ஊர். மணமகள் பெயர், தகப்பன் பெயர், ஊர். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்ற வழக்கமான அறிவிப்பு. யாரும் எழுந்து எதுவும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும் இடத்தில்தான் பேச்சு தொடங்கியது.

பையன் நம் தெருப் பிள்ளை. பெண் வேறு சாதி. இருவரும் ஒரே சபையில் திருமுழுக்குப் பெற்றவர்கள், ஒரே பாடகர் குழுவில் ஆண்டுக்கணக்காகப் பாடுகிறவர்கள். எந்தச் சபை, எந்தச் சாதி என்று தேட வேண்டாம். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஆற்றோடு கீழே இறங்கினால் எந்த ஊரிலும் இது நடக்கலாம், நடந்துகொண்டும் இருக்கிறது. பெண்ணின் தாய் இந்தத் திருமணம் நின்றுபோக வேண்டும் என்று உபவாச ஜெபம் இருக்கிறார். சித்தப்பா எங்களிடம் நேராகவே சொன்னார்: "நாங்க சாதிலாம் பாக்க மாட்டோம். ஒண்ணா ஜெபம் பண்ணுதோம், ஒண்ணா அசனம் சாப்பிடுதோம். ஆனா நாளைக்கு சொந்தக்காரங்க மொகத்துல முழிக்கணும்லா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. மருத்துவமனையில் நம் ஆட்கள் படுத்துக் கிடந்தால் ரத்தம் கொடுக்க முதல் ஆளாக வருபவர். அதனால்தான் அவரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மோசமானவர்களின் சாதியைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். நல்லவர்களின் சாதிதான் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

திருச்சபை எதையெல்லாம் தடை என்று ஏற்கிறது? ஏற்கெனவே நடந்த திருமணம், நெருங்கிய உறவு, வயது குறைவு, சம்மதமின்மை. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்திலும் சாதி ஒரு தடையாகச் சொல்லப்படவில்லை. பீடத்திலும் இல்லாத, சட்டத்திலும் இல்லாத இந்த ஒரு தடைதான் சமையலறையில் மற்ற எல்லாத் தடைகளையும் விடப் பெரிதாக நிற்கிறது.

'கிறிஸ்தவ குணம்' என்ற தலைப்பில் கூட்டம் போடாத சபை நம் பக்கத்தில் கிடையாது. அன்பு, பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் என்று ஆவியின் கனிகளை வரிசையாகச் சொல்லி, கணவன் மனைவிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மூன்று நாள் பேசுவார்கள். அந்தக் கனிகளின் பட்டியல் கலாத்தியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை வைத்து யாராவது குடும்பக் கூட்டம் நடத்தியிருக்கிறார்களா? அங்கே ஒரு சாப்பாட்டுத் தகராறு இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறசாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொள்கிறார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகுகிறார்கள், பர்னபாகூட. பவுல் அவரைத் தனியே அழைத்துப் பக்குவமாகப் பேசவில்லை. எல்லோர் முன்பாகவும் முகத்துக்கு நேரே எதிர்த்தார்.

பேதுருவுக்குக் கொள்கையில் ஒரு குழப்பமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய சிக்கல் சொந்தக்காரர்கள். நம் சித்தப்பாவின் சிக்கலும் அதுதான்.

இந்தத் தகராறு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கத்தோலிக்கர் நிறைந்த வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கோயிலுக்கு 'கால்சட்டைக் கோயில்' என்று பெயர். பீடம் ஒன்று. அதற்கு முன்னால் கால்சட்டையின் இரண்டு கால்கள் போல இரண்டு கூடங்கள், நடுவில் சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். ஒரே பூசையை இரண்டு சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காண்பதற்காகவே போட்ட கட்டடம். 1910இல் பாதிரியார் கௌசானல் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. வெள்ளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், கிறித்தவர்களாக இருந்துகொண்டு கோயிலுக்குள் சாதி உரிமை கேட்க முடியாது என்றாகிவிட்டது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். படிக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சண்டை முழுவதிலும் நம் ஆட்கள் எந்த இடத்தில் நின்றார்கள்? வழக்காடியவர்களாகவும் இல்லை, வழக்கின் பொருளாகவும் இல்லை.

1745இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றதும் இதே வடக்கன்குளத்தில்தான். சாதி வேறுபாடு பார்க்காமல் பழகியவர் என்று போற்றப்படும் அவருடைய பெயரின் பின்னால் 'பிள்ளை' ஒட்டிக்கொண்டே இருந்தது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பிறகே 2020இல் வத்திக்கான் அதை நீக்கியது. 2022இல் வெறும் தேவசகாயமாகப் புனிதரானார். செத்து இரண்டரை நூற்றாண்டு கடந்தும் ஒரு மனிதனைச் சாதி விடவில்லை.

சீர்திருத்தச் சபைகளும் இதில் தங்களைத் தட்டிக்கொடுத்துக்கொள்ள முடியாது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக, முழுமையாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் வெள்ளாளக் கிறித்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். இன்றும் எல்லாச் சபைகளும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் நின்றார் தெரியுமா? சாதியைத் திருத்துவது பைத்தியக்காரத்தனம் என்று தனி நூலே எழுதிய பக்கம். அவர் பாட்டைப் பாடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பாட்டும் பக்தியும் சாதியோடு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும் என்பதற்குச் சொல்கிறோம். (நம் ஊர்ப் பெரியவர்கள் குருவானவரை இன்றும் 'ஐயர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எந்த வேத பாட வகுப்பிலாவது கேட்டுப் பாருங்கள்.)

வடக்கன்குளத்தில் சுவர் இடிந்த அதே 1910இல்தான் எடின்பரோ உலக மிஷனரி மாநாடும் நடந்தது. அங்கே பேசியவர்களில் ஒருவர் நம் சீமைக்காரர். வெள்ளாளன்விளையில் ஒரு கிராம ஊழியரின் மகனாகப் பிறந்த வே. ச. அசரியா. இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானவர். வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த அந்தச் சபையில் அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நட்பு. இந்திய ஊழியரை உங்கள் மேசையில் உட்கார வைத்துச் சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விதான் அதன் அடியில் இருந்தது. அரங்கில் பலருக்கு முகம் சுருங்கியது. இன்று நம் சபைகளில் அசரியா படம் இல்லாத கட்டடம் குறைவு. அவர் வெள்ளையரிடம் கேட்டதை நாம் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டால் மட்டும், சபைக்குள் சாதியைக் கொண்டுவருகிறோம் என்று நம் மீது பழி வருகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். விக்கிரமசிங்கபுரம் மில்லால் வளர்ந்த ஊர். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆற்று விசையை நம்பி நூற்பாலை தொடங்கினார்கள். பின்னாளில் அதுவே மதுரா கோட்ஸ். மில் சங்குக்கு எல்லாச் சாதியும் ஒரே நேரத்தில் எழுந்தது, ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசித்தது. ஷிப்டு முடிந்ததும் அவரவர் தெருவுக்குப் போய்விட்டது. சபையும் ஏறக்குறைய அப்படியே ஆகிவிட்டது என்பது எங்கள் எண்ணம். ஞாயிறு காலை ஒன்றரை மணி நேர ஷிப்டு.

அசனம் என்ற அருமையான வழக்கம் நம் பகுதிக்கே உரியது. அறுப்பின் பண்டிகைக்கோ பிரதிஷ்டை விழாவுக்கோ பெரிய பெரிய அண்டாவில் சோறும் கறியும் ஆக்கி, பணக்காரர் ஏழை பார்க்காமல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. சமபந்தி என்று அரசு ஏற்பாடு செய்வதற்கு முன்பே நம் சபைகளில் அது இருந்தது. இதை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். சின்ன வயதில் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சாப்பிட்ட ஒரே இடம் எங்களில் பலருக்கு அதுதான். ஆனால் சித்தப்பா அசனத்தைச் சாட்சிக்கு இழுத்ததும்தான் அதன் எல்லை எங்களுக்கு உறைத்தது. அசனம் சபையின் சோறு. யார் வீட்டுச் சோறும் இல்லை.

இந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு வாலிபர் கூடுகையில் சின்னப் பயிற்சி ஒன்று வைத்தோம். ஆளுக்கொரு தாள். கடந்த ஓராண்டில் சொந்தக்காரர் அல்லாத எந்தெந்தக் கிறித்தவ வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், உங்கள் வீட்டில் யார் வந்து சாப்பிட்டார்கள் என்று எழுத வேண்டும். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு கணக்கில் சேராது, சோறு மட்டும். பெயரெழுத வேண்டாம், தெருவை எழுதினால் போதும். எழுதத் தொடங்கும்போது சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. தாள்களை வாங்கிப் பலகையில் தெருவுக்குத் தெரு கோடு போட்டு இணைத்தோம். தெரு எல்லை தாண்டிய கோடுகள் மிகச் சில. அதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. மற்ற சாதிப் பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் கொஞ்சம் திருப்தியாகவே நின்றிருந்தோம்.

அப்போது கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு பெண் கை தூக்கினாள். அவள் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து வருபவள். "எங்க தெருவுக்கு ஒரு கோடுகூட வரலையே, அது தெரியுதா?" என்று கேட்டாள். பலகையைப் பார்த்தோம். ஆதிக்கச் சாதித் தெருவிலிருந்து கோடு வராதது இருக்கட்டும். பள்ளர் தெருவிலிருந்தும் இல்லை, பறையர் தெருவிலிருந்தும் இல்லை. மேடையில் தலித் ஒற்றுமை பேசும் எங்கள் தாள்களிலிருந்தும் இல்லை. அவள் விடவில்லை. சமைத்தது யார், பாத்திரம் கழுவியது யார் என்பதற்கு ஏன் ஒரு கட்டம் போடவில்லை என்றும் கேட்டாள்.

சமூகவியல் படித்த நமக்கு அகமணம் என்ற சொல் மனப்பாடம். 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையிலேயே அண்ணல் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணம் என்று சொல்லிவிட்டார். 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதும்போது, சேர்ந்து உண்பது மட்டும் போதாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். இதை நாம் ஆதிக்கச் சாதிகளை நோக்கிச் சொல்வதற்குப் பழகியிருக்கிறோம். நம் வீட்டில் அருந்ததியர் பெண்ணைக் காதலிப்பதாக ஒரு பையன் சொன்னால் அம்மா என்ன சொல்கிறார்? "நம்ம சொந்தக்காரங்க மொகத்துல முழிக்கணும்லா?" எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம். 'மணமகள் தேவை' பக்கத்தில் சி.எஸ்.ஐ. என்றும் ஆர்.சி. என்றும் போட்டு, பக்கத்திலேயே சாதிப் பெயரைப் போடும் பழக்கத்தை நாம் கிண்டல் செய்கிறோம். நம் ஆட்களின் விளம்பரமும் அதே பக்கத்தில்தான் வருகிறது. எத்தனை பவுன் என்ற பேச்சும் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மலையிலிருந்து இறங்கியவர்கள் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காட்டில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்கள் கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் நடந்த ஊர்வலத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் கைக்குழந்தை உட்பட 17 பேர் ஆற்றில் உயிரிழந்தார்கள். 2024இல் கம்பெனி கணக்கு முடித்தபோது, தலைமுறைகளாக லைன் வீடுகளில் சுவரோடு சுவராக வாழ்ந்த குடும்பங்கள் கீழே வீடு தேட வேண்டியதாயிற்று. அப்படி ஒரு குடும்பத்தோடு நாங்களும் அலைந்தோம். ஒரு வீட்டு நிலைக்கு மேல் அந்த ஆண்டின் வாக்குத்தத்த வசன அட்டை ஒட்டியிருந்தது. எங்களோடு வந்த அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, நம்ம ஆட்கள் என்று. வீட்டுக்காரம்மா தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், எந்தச் சபை என்று கேட்டார். பிறகு, "மேல வர்றதுக்கு முந்தி உங்க பூர்வீகம் எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்றார். அக்கா சொன்னார். வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டியிருக்கிறது, இரண்டு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. திரும்பி வரும் வழியில் அக்கா சொன்னதுதான் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை: "அந்த அம்மா நல்லாத்தான் பேசுனாவ."

இந்த அக்காவுக்குச் சட்டமும் துணைக்கு வராது. 1950 ஆகஸ்ட் 10இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவராக இருக்கும் தலித் பட்டியல் சாதி ஆக மாட்டார். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள், நாம் சேர்க்கப்படவில்லை. ஆகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. தமிழ்நாட்டில் நம் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்கிறது. ஓலை வாசிக்கப்பட்ட நம் பையனும் அந்தப் பெண்ணும் அரசுக் காகிதத்தில் ஒரே வகுப்பு. சாதி மறுப்புத் திருமணம் என்றே அது பதிவாகாது. வீட்டில் நடக்கும் ரகளையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

1985இல் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று சட்ட மாணவர்கள் படித்திருப்பீர்கள். மதம் மாறிய பின்னும் கிறித்தவச் சமூகத்துக்குள் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஒவ்வொரு ஆகஸ்ட் 10 அன்றும் திருச்சபைகள் கருப்பு நாள் அனுசரித்து, சபைக்குள்ளும் சாதி இருக்கிறது, ஆகவே உரிமை கொடு என்று தில்லியைப் பார்த்துக் கேட்கின்றன. நியாயமான கோரிக்கை, நாமும் அந்த ஊர்வலத்தில் போகிறோம். அடுத்த ஞாயிறே, கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை, அதைப் பேசுகிறவர்கள்தான் பிரிவினை செய்கிறார்கள் என்று பிரசங்கம் வருகிறது. இரண்டில் எதை நம்புவது என்று ஒரு குருவானவரிடமே கேட்டோம். சிரித்துவிட்டு, "ரெண்டையும் ஒரே நாள்ல கேக்காதீங்க" என்றார். நேர்மையான பதில்தான்.

நாங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பெண்ணின் தாயை மூன்று முறை பார்த்தோம். முதல் முறை கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது முறை அழுதார். மூன்றாவது முறை, பையனின் அம்மா வந்திருக்கிறாரா என்று கேட்டார். வரவில்லை. வரச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை. பேச்சுவார்த்தை என்றால் ஆண்களும் அமைப்புக்காரர்களும் என்றே பழகிவிட்டோம். மறுநாள் அந்த அம்மாவிடம் போய்க் கேட்டதற்கு, "நான் போறேன், ஆனா சும்மா போக மாட்டேன், குழம்பு வச்சு எடுத்துட்டுத்தான் போவேன். சாப்பிடலைன்னா அதையும் பாத்துட்டு வாரேன்" என்றார்.

பையனிடமும் ஒரு பேச்சு பாக்கி இருந்தது. திருமணத்துக்குப் பிறகு அந்தப் பெண் வேலைக்குப் போவாளா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அம்மாவப் பொறுத்து" என்று முன்பு சொல்லியிருந்தான். தன் வீட்டையே விட்டு வருகிறவளுக்கு இதுதான் பதிலா என்று அவனோடு ஒரு மாலை முழுக்க ஆற்றங்கரையில் சண்டை போட்டோம். கடைசியில், அவளிடமே கேட்கிறேன் என்று போனான்.

பாடகர் குழுவில் இன்னொரு சிக்கல். திருமண ஆராதனையில் பாட வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தடை போட்டிருக்கிறார்கள். கூடுகையில் தாள் எழுதிய பிள்ளைகளில் சிலர் அந்த இடத்துக்குப் பயிற்சி எடுக்க முன்வந்திருக்கிறார்கள். பலகையில் கோடு தேடிய அந்தப் பெண் ஆல்டோ பாடுகிறாள். சுருதி கொஞ்சம் விலகுகிறது, பரவாயில்லை.

வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. காலை எட்டரை ஆராதனை. அன்று மதியம் பையன் வீட்டில் சோறு. யார் சமைப்பது, யார் கழுவுவது என்று இந்த முறை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். வர முடிகிறவர்கள் வாருங்கள்.